பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்த இயந்திரம்

அவளை வேலையிலிருந்து நிறுத்தியது ஒரு மழைநாளில். பெரும்போக விதைப்பு முடிந்து, வயல் உரமான பசளைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் அலைந்துகொண்டிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த எங்கள் கம்பனியின் களஞ்சிய வாசலில், தம்பலகாமத்திலிருந்து வந்த உழவு இயந்திரங்கள் வீதி முடக்கு வரைக்கும் வரிசையாக நின்றன. பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டிகளுக்கு மேல் படங்கு. படங்குக்குக் கீழே, நனையாமல் கொண்டுபோக வேண்டிய மூட்டைகளுக்கு இன்னும் வெறும் இடம். வாசல் அனுமதிச் சீட்டு அச்சாகி வந்தால்தான் மூட்டை ஏறும். சீட்டு வரவில்லை.

சீட்டு மேசையில் இருந்தவள் நிலாவெளிப் பெண். கரைவலை இழுக்கும் குடும்பம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு தட்டச்சுப் படித்து, காலையில் கரையோர பஸ்ஸில் வந்து, பின்னேரம் அதே பஸ்ஸில் போவாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற சாரதிகளில் ஒருவர், மீசை நரைத்த பெரிய ஆள், கண்ணாடியைத் தட்டினார்.

"பிள்ளை, காலமை வந்தனான். நீ அங்க என்ன சீலை தைச்சுக்கொண்டு இருக்கிறியோ?"

அவள் பதில் சொல்ல முன்பே மனேஜர் உள்ளே வந்துவிட்டார். கையில் குடை. குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவளுடைய மேசையிலேயே விழுந்தது.

"தெரிஞ்ச ஆக்களுக்கு முதல் பாஸ் குடுக்கிறதுக்குத்தானே மற்றவையளைக் காக்க வைக்கிறாய்?"

"இல்லை சேர். நான் அமத்திப்போட்டு இருக்கிறன். அது வருகுதில்லை."

"மற்ற மேசையள் எல்லாத்திலயும் வேலை நடக்குது. உன்ர மேசையில மட்டும் ஏன் வருகுதில்லை?"

அவள் திரும்பவும் விசையை அமத்தினாள். மறுமொழி அவளுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் அது உண்மையிலேயே நல்ல கேள்வி. கேட்டவருக்கு மட்டும் மறுமொழியில் அக்கறை இருக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அத்தனை ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, "நாளைக்கு வரத் தேவையில்லை" என்றார். வெளியே யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரியும்.

நான் அந்தக் கம்பனியில் நிரல் எழுதுபவளாக இருந்தேன். பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, கொழும்பில் கணினிப் பயிற்சி ஒன்றும் முடித்து, ஊருக்குத் திரும்பி வந்தபோது, ஊரிலேயே ஒரு கணினி எனக்காகக் காத்திருந்தது மாதிரித்தான் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். வேறொரு நாட்டில் பாவித்துக் கழித்த இயந்திரத்தைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, குளிரூட்டிய அறையில் வைத்து, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பலகை மாட்டியிருந்தார்கள். கோயிலில்கூட எங்கள் மனேஜர் அவ்வளவு பவ்வியமாகச் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் கிண்ணியாவிலிருந்து தினமும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடல் கடந்து வருவார். முஸ்லிம் ஆக்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். இயந்திரத்தை ஏற்றுவது, இறக்குவது, டிஸ்க் மாற்றுவது, தாள் போடுவது எல்லாம் அவர் கையில். மனேஜர் திட்டும்போது மறுத்துப் பேசமாட்டார். திட்டு முடிந்து மனேஜர் கதவைச் சாத்தியதும், "போயிட்டாரா?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுவார்.

முதலில் நான்கு முனையங்கள்தான் இருந்தன. முனையம் என்றால் திரையும் தட்டச்சு விசைகளும் மட்டும். மூளை முழுவதும் குளிரூட்டிய அறைக்குள்தான். நான்கு இருக்கும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. மனேஜருக்கு அது காணாது. களஞ்சியக் கணக்குக்கு ஒன்று, கப்பல் சரக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று கூட்டிக் கூட்டி எட்டாக்கினார். எட்டானதும் பின்னேரங்களில் இயந்திரம் மந்தித்தது. அதிலும் சீட்டு மேசையில் ஒரு சீட்டு அச்சாவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுத் துப்பி முடிக்கலாம்.

அவளை நிறுத்திய மறுநாள் வேறொரு எழுதுவினைஞரைக் கொண்டுவந்து இருத்தினார்கள். சீட்டு அப்பவும் வரவில்லை. நான் மனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"சேர், ஆளை மாத்தியும் அப்பிடியேதான் இருக்குது."

"அவர் புதுசுதானே மிஸ். பழக வேணும்."

பழையவள் என்றால் கள்ளத்தனம். புதியவர் என்றால் பழக்கக் குறை. இயந்திரத்தில் பிழை இருக்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் பொய் சொல்லாது. நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்தான் பொய் சொல்வாள். நான் அறைக்குத் திரும்பி வந்து கதவை எவ்வளவு பலமாகச் சாத்தினேன் என்றால், நானா எழும்பி இயந்திரத்துக்கு ஏதும் நடந்ததோ என்று பார்த்தார்.

இயந்திரத்தை விற்றவர்களின் கொழும்புக் கிளையிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். தமிழர்தான். வெள்ளைச் சேர்ட், கைப்பெட்டி. பின்னேரம் இயந்திரம் மந்திக்கிற நேரம் பார்த்து விளக்குகளை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கைப்பெட்டியைத் திறக்கவேயில்லை.

"மெமரி காணாது. அதுதான். எட்டுப் பேர் ஒரே நேரத்தில வேலை செய்தா அடிபிடிதான். இன்னொரு மெமரிப் பெட்டி வாங்க வேணும்."

"அதுக்கு வெளிநாட்டுக் காசு எங்க?" என்றார் மனேஜர்.

"அப்ப ஆக்களைக் குறையுங்கோ."

இதைக் கேட்டதும் மனேஜர் என்னைப் பார்த்தார். இன்னும் எத்தனை பெண்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்று அவர் மனதில் எண்ணுவது முகத்திலேயே தெரிந்தது.

நான் குறுக்கே பேசினேன். "மெமரி காணாட்டி டிஸ்க் ஓடிக்கொண்டெல்லோ இருக்க வேணும்? மந்திக்கிற நேரம் டிஸ்க் சும்மா இருக்குது."

சொன்னது சரியான காரணத்தோடுதான். ஒரு கணினியின் நினைவகம் ஒரே அளவான துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குப் பக்கங்கள் என்று பெயர். நடக்கிற வேலைக்கு வேண்டியவை அந்தப் பக்கங்களில் இருக்கும். இடம் போதாவிட்டால், யாரும் இப்போதைக்குத் தொடாத பக்கத்தை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அந்த இடத்தை வேறொரு வேலைக்குக் கொடுக்க வேண்டும். உண்மையாகவே இடம் போதாமல் அடிபட்டால், டிஸ்க் ஓயாமல் எழுதி, வாசித்து, கடகடவென்று அறையே அதிரும். எங்கள் அறையிலோ அந்த நேரங்களில் குளிரூட்டியின் சத்தம் மட்டும்தான்.

என்ஜினியர் சிரித்தார். "தங்கச்சி, நீங்கள் பசளைக் கணக்கு எழுதுங்கோ. உள்ளுக்குள்ள இருக்கிறதுகளை நாங்கள் பாப்பம்." நான் அவருக்குத் தங்கச்சி ஆனது அந்த நிமிடத்தில்தான். அதற்கு முன்பு மிஸ். பின்னேர ரயிலில் அவர் போய்விட்டார். உள்ளுக்குள் இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

ஆகவே நான் பார்த்தேன்.

பழைய இயந்திரம் என்பதால் ஒரு நன்மை இருந்தது. முன்முகத்தில் ஆளி ஒன்றை, அதாவது சுவிச்சை, அமத்தினால் அது செய்துகொண்டிருந்த வேலையில் அப்படியே நிற்கும். எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சின்ன விளக்குகள் காட்டும். அடுத்த ஆளியை அமத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கண்ணிமைக்கிற நேரம்தான், முனையங்களில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த முறை மந்தித்தபோது நானாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறுத்தினேன். விளக்குகளைக் குறித்துக்கொண்டேன். ஓடவிட்டேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப நிறுத்தினேன். அதே இடம். பிறகும் அதே இடம். எத்தனை முறை நிறுத்தினாலும் அந்தச் சின்னத் துண்டு நிரலுக்குள்ளேயே இயந்திரம் நின்றது.

அது எங்கள் பசளைக் கணக்கும் இல்லை, சம்பளக் கணக்கும் இல்லை. இயங்குதளத்தின் நடுவிலிருக்கிற கருநிரல். எல்லா நிரல்களுக்கும் இடம் பிரித்துக் கொடுத்து ஆட்சி செய்வது அதுதான். இயந்திரத்தோடு வந்த பெட்டிகளில் அந்தக் கருநிரல் முழுவதும் அச்சடித்த தாளாக இருந்தது. வந்த நாளிலிருந்து ஒருவரும் கட்டு அவிழ்க்கவில்லை. ஒரு பெட்டியின் மேல் நானா தன்னுடைய தேத்தண்ணிப் போத்தலை வைப்பது வழக்கம்.

மதியச் சாப்பாட்டு நேரங்களில் அதை வாசித்தேன். லேசான வாசிப்பு இல்லை. எழுதியவர்கள் தங்களுக்கு மட்டும் விளங்கினால் போதும் என்று எழுதியிருந்தார்கள். சில இடங்களில் கண்ணால் தண்ணீர் வந்தது, கோபத்தில். ஆனால் அந்தத் துண்டு என்ன செய்கிறது என்பது ஒருநாள் பளிச்சென்று விளங்கிவிட்டது. விளங்கியதும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. இன்னும் கூடிய ஆத்திரம்.

நானாவுக்குச் சொன்னேன். "ஒரு நிரல் புதுசா இடம் கேட்டா, இது முதலாம் பக்கத்தில இருந்து தேடத் தொடங்குது. இதை ஆரும் பாவிக்கினமோ? ஓம். அடுத்தது? ஓம். இப்பிடிக் கொஞ்சத் தூரம் போய், ஒண்டும் கிடைக்கேல்லை எண்டா விட்டுப்போட்டு, 'கொஞ்சம் பொறு' எண்டு சொல்லுது. பொறுத்திட்டுத் திரும்பக் கேட்டா, திரும்பவும் முதலாம் பக்கத்தில இருந்து."

"விட்ட இடத்தில இருந்து போகாதா?"

"போகாது. விட்ட இடத்தை அது ஞாபகம் வைக்கிறதே இல்லை. அதோட, முன்னுக்கு இருக்கிற பக்கங்கள் எல்லாம் அசைக்க ஏலாத பக்கங்கள். இயங்குதளத்தின்ர சொந்தப் பக்கங்கள், ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒதுக்கின பக்கங்கள். நாலு டெர்மினல் இருக்கேக்க அதைத் தாண்டிப் போச்சுது. எட்டாக்கினதோட, அசைக்க ஏலாத பக்கங்களைப் பாத்து முடிக்கவே அதுக்குக் குடுத்த தவணை முடிஞ்சு போகுது."

"அப்ப பின்னுக்கு என்ன இரிக்கி?"

"காலமை ஓடின சம்பள வேலையின்ர பக்கங்கள். ஒருத்தரும் தொடாமச் சும்மா கிடக்குது. இடம் இருக்குது நானா! அந்த இடத்துக்கு இது போறதே இல்லை."

நானா யோசித்தார். "ஒருத்தன் வந்து அலுமாரியத் திறந்து, இல்ல எண்டு போறான். அவன் போக முன்ன அடுத்தவன் வந்து அதே அலுமாரியத் திறக்கிறான். பக்கத்து அறைய ஒருத்தனும் பாக்கல்ல. இதானே கத?"

"இதுதான் கதை."

"அப்ப அந்தப் புள்ளைட மேசையில மட்டும் ஏன்?"

மனேஜர் கேட்ட அதே கேள்வி. ஆனால் நானா மறுமொழியைத் தெரிந்துகொள்ளக் கேட்டார். மற்ற மேசைகளில் காலையில் ஒரு நிரலைத் தொடக்கினால் பின்னேரம் வரை அதுவேதான் ஓடும். தனக்கு வேண்டிய பக்கங்களை அது முன்பே எடுத்து வைத்திருக்கும். சீட்டு மேசையில் ஒவ்வொரு சீட்டுக்கும் நிரல் புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாக இடம் கேட்க வேண்டும். அப்படி எழுதச் சொன்னது மனேஜர்தான், சீட்டுக்குச் சீட்டு வேறாக இருந்தால் பாதுகாப்பு என்று. அதாவது, இயந்திரத்தின் பிழைக்கு ஆகக் கூடுதலாக முகம் கொடுத்தவள் அவள். அதற்காகவே அவளைக் கள்ளி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தேன். நானா, "அல்லாஹ், பாவம் அந்தப் புள்ள" என்றார்.

திருத்தம் பெரிய வேலை இல்லை. தேடுதல் எந்தப் பக்கத்தில் நின்றது என்பதை ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும், அடுத்த தேடுதல் அங்கிருந்து தொடங்க வேண்டும். அசைக்க முடியாத பக்கங்களைத் தேடுதலிலிருந்தே விலக்கிவிட வேண்டும். ஒரு தேடுதல் நடக்கும்போது வேறொரு நிரல் இடம் கேட்டால், அது தன் பாட்டுக்கு இன்னொரு தேடுதலைத் தொடக்காமல், நடக்கிறதன் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். நான் எழுதிய மாற்றம் முழுவதும் ஒரு தாளில் அடங்கியது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மனேஜரிடம் போனேன். வாசிக்கவில்லை. "அவையின்ர சாமான் மிஸ். நாங்கள் கை வைச்சா உத்தரவாதம் போயிடும்" என்றார். என்ஜினியருக்கு ட்ரங்க் கோல் எடுத்தேன். இரைச்சலுக்கு நடுவே விளங்கப்படுத்தினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அது உலகம் முழுக்க ஓடுற சிஸ்டம். அதில பிழை இருந்தா திருகோணமலையில இருந்துதான் கண்டுபிடிக்க வேணுமோ?" என்றார்.

ஏன் கண்டுபிடிக்கக் கூடாது? பிழைக்குத் தெரியுமா தான் எந்த ஊரில் ஓடுகிறோம் என்று? இதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் கோல் அறுந்துவிட்டது.

நானாவிடம் வந்து, "விடுமுறை நாளில வருவீங்களோ?" என்று கேட்டேன். அவர் எதற்கென்று கேட்கவேயில்லை. "போயாக்கு வாறன்" என்றார். அவருக்கு வேலை போனால் வீட்டில் பிள்ளைகள். எனக்காவது ஒரு பட்டம் கையில் இருந்தது. இதை நான் அவரிடம் சொன்னபோது, "வாசலத் திறக்கிறது என்ட வேல. திறக்கிறன்" என்றார்.

போயா என்கிற பௌர்ணமி விடுமுறை தினக் காலை. களஞ்சியம் பூட்டு. மழை விட்டு, குடா பளபளவென்று கிடந்தது. நானா முதலில் டிஸ்கை முழுவதுமாகப் பிரதி எடுத்தார். மூலத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிழையாகிப் போனாலும் பழையபடி மாற்ற ஒரு நிமிடம் போதும். பிரதியில் என் மாற்றத்தைப் போட்டு இயந்திரத்தை ஏற்றினோம். முதல் தடவை எழும்பவில்லை. ஒரு எழுத்து மாறி அடித்திருந்தேன். திருத்தினேன். எழும்பியது. சம்பள வேலையை ஓடவிட்டோம், பின்பக்கங்கள் நிறையட்டும் என்று. பிறகு எட்டு முனையங்களிலும் மாறி மாறி ஓடி, இருந்த எல்லா வேலைகளையும் தொடக்கினோம். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். சீட்டு மேசையில் நான் இருந்து ஒரு பொய்ச் சீட்டு அடித்தேன். அமத்தி, கையை எடுக்க முன்பே டிஸ்க் ஒருமுறை கிளிக் என்றது. அச்சு இயந்திரம் துடித்தது. சீட்டு வந்து விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. நானா அவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

அந்த நேரம்தான் வாசலில் கார் வந்து நின்றது.

மனேஜர். கூடவே அவருடைய மனைவியின் சொந்தக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பட்டுச் சேலைகளும் வேட்டிகளும். கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, வழியில் தன்னுடைய கணினியைக் காட்டக் கூட்டிவந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் அவருடைய முகம் கறுத்தது.

"இண்டைக்கு இங்க என்ன வேலை? ஆர் உங்களுக்கு அனுமதி தந்தது?"

நானா என்னைப் பார்த்தார். நான் சீட்டு மேசைக் கதிரையிலிருந்து எழும்பி, அதை அவருக்கு இழுத்துவிட்டேன்.

"சேர், இருந்து ஒரு பாஸ் அடிச்சுப் பாருங்கோ. எட்டு டெர்மினலும் ஓடுது. பிறகு பேசுங்கோ."

விருந்தினர் பார்த்துக்கொண்டு நின்றபடியால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இருந்தார். ஒற்றை விரலால் தட்டினார். அமத்தினார். கதிரையில் சாய முன்பே சீட்டு வந்து மடியில் விழுந்தது. அவர் திரும்பி விருந்தினரைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களோ, எங்கட கொம்பியூட்டரின்ர ஸ்பீட்?"

அந்த வசனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு சேலைக்காரி, "அச்சா" என்றாள். அவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் குளிரூட்டிய அறைக்குள் போய், குளிருது குளிருது என்று சிரித்துவிட்டு வெளியே வந்தார்கள். என்னையோ நானாவையோ இன்னார் என்று அவர் அறிமுகப்படுத்தவில்லை. போகும்போது நானாவிடம், "பூட்டிப்போட்டுப் போம்" என்றார்.

என் மாற்றத்தை நீக்கச் சொல்லி அவர் பிறகு கேட்கவில்லை. அவருக்கு அது வேண்டும். அது யாருடையது என்பதுதான் வேண்டாம். கொழும்பிலிருந்து அதே என்ஜினியர் திரும்பி வந்தார். இந்த முறை கைப்பெட்டியைத் திறந்தார், என்னுடைய தாளைப் பார்த்து எழுதிக்கொள்ள. அடுத்த வாரம் அலுவலகத்தில் எல்லாரையும் கூட்டி, விற்பனைக் கம்பனியின் அரிய சேவையால் எங்கள் இயந்திரம் சீராகிவிட்டது என்று மனேஜர் நன்றி சொன்னார். என்ஜினியர் அடக்கமாகத் தலையைக் குனிந்தார். நான் எழும்பினேன்.

"அந்த மாற்றத்தை நானும் நானாவும் போயா அண்டைக்குச் செய்தனாங்கள். அதை நீங்கள் ஆருக்கும் குடுங்கோ, எனக்குத் தேவையில்லை. ஆனா பிழை இயந்திரத்தில எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளையை ஏன் அனுப்பினீங்கள்?"

கூட்டத்தில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. 

"அது வேற கதை மிஸ். அதை இதோட சேத்து முடிச்சுப் போடாதேங்கோ."

"அது ஒரே கதை."

நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில், பின்வரிசையில் இருந்த நானாவும் எழும்பி நின்றார். பிறகு கப்பல் சரக்கு மேசைப் பெண். பிறகு சீட்டு மேசையில் புதிதாக இருத்திய அந்த எழுதுவினைஞரே எழும்பி, "எனக்கும் வரேல்லைத்தான் சேர்" என்றார். மனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வரச் சொல்லுங்கோ. புது ஆளா எடுப்பம்" என்றார்.

புது ஆளாக! செய்த வேலைக் காலம் எல்லாம் அழிந்து, தகுதிகாண் ஆளாக, கள்ளி என்ற பெயர் அப்படியே இருக்க. கொண்டுபோகக் கிடைத்த செய்தி அதுதான் என்றாலும், அன்று பின்னேரமே நிலாவெளி பஸ்ஸில் ஏறினேன். வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. கடற்கரையில் வலை காயப் போட்டிருந்த இடத்தில் கேட்டதும் காட்டினார்கள். அவள் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கங்கள், தேடுதல், அவளுடைய மேசை ஏன் மந்தித்தது என்பதெல்லாம். கடைசிப் பகுதியை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள்.

"அப்ப நான் சரியாத்தான் அமத்தினனானோ அக்கா?"

"ஓம். நீ சரியாத்தான் அமத்தினனி."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுடைய முகம் இறுகியது.

"நான் எத்தினை நாள் படுத்திருந்து யோசிச்சனான் தெரியுமோ, என்ர விரலில ஏதும் பிழையோ எண்டு. நான் வரமாட்டன். அவர் எல்லாருக்கும் முன்னால சொன்னவர். எல்லாருக்கும் முன்னால வந்து இல்லை எண்டு சொல்லட்டும். அதுக்குப் பிறகு வாறன்."

நான் அதையே மனேஜரிடம் சொன்னேன். அவர், "பெரிய ராணி" என்றார். பிறகும் கேட்டேன். ஒவ்வொரு மாதமும் கேட்டேன். அவருக்கு என்னைக் கண்டால் வேறு கதவால் போகிற பழக்கம் வந்துவிட்டது. அவர் நிலாவெளிக்குப் போகவில்லை, அவள் வரவில்லை. அவள் ஊரிலேயே ஒரு ஹோட்டலில் தொலைபேசி மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மன்னிப்புக் கேட்டவர் ஒரே ஒரு ஆள். கண்ணாடியைத் தட்டிய அந்த நரைத்த மீசைச் சாரதி. அடுத்த தடவை பசளைக்கு வந்தபோது, சீட்டு உடனே வந்ததைப் பார்த்துவிட்டு, "முந்தி இருந்த பிள்ளை எங்க?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அறுவடை முடிந்து, அவர் உழவு இயந்திரத்தை நிலாவெளிக்கு விட்டு, அவளுடைய வீட்டு வாசலில் புது நெல்லு மூட்டை ஒன்றை இறக்கி வைத்து, "பிள்ளை, நான் வாயை விட்டனான், பிழை என்னில" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாராம். அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதற்கு முன்பு எப்போதோ.

சில காலம் கழித்து இயங்குதளத்தின் புதிய பதிப்பு ஒன்று வந்தது. பெட்டியைத் திறந்து முதலில் அந்தத் துண்டைத்தான் தேடினேன். விட்ட இடத்தை ஞாபகம் வைக்கிற வரிகள் அதில் இருந்தன. நான் இட்ட பெயர்கள்கூட மாறவில்லை. கொழும்புக் கிளையின் பங்களிப்பு என்று மேலே ஒரு குறிப்பு. நானா எட்டிப் பார்த்து, "நம்மட ஆக்கம் உலகமெல்லாம் போகுது" என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், பெயர் போனதைவிட, அந்த என்ஜினியர் அன்று ஒரு ஐந்து நிமிடம் டிஸ்குக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றிருந்தால் போதுமே என்பதுதான் என்னை அதிகம் வாட்டியது.

மனேஜர் ஓய்வுபெற்றபோது விழா எடுத்தார்கள். வடையும் பட்டீஸும். கம்பனிக்குக் கணினி கொண்டுவந்த முன்னோடி என்று அவரைப் புகழ்ந்து நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர் வந்து கேட்டார்.

"ஏலாது" என்றேன்.

"தொண்டை சரியில்லையோ மிஸ்?"

"தொண்டை நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.